ஸ்டேஷனுக்குத் துணைக்கு ஆள் தேடும் ஊர்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கனடாவில் இருக்கும் ஒருவன், "இங்க போலீஸ்காரர்கிட்ட சிரிச்சுப் பேசி வழி கேக்கலாம். நம்ம ஊர் ஜனங்க ஏன் போலீஸைக் கண்டா இப்படி ஒதுங்குறாங்க? படிப்பறிவு இல்லாததுதான் காரணம்" என்று எழுதினான். மதுரையில் காவலராக இருக்கும் இன்னொருவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. "ராத்திரி பூரா பந்தோபஸ்து நின்னுட்டு வந்து இதைத்தான் படிக்கணுமா" என்று குழுவைவிட்டே போய்விட்டான். இதற்கு நடுவில் மூன்றாவது ஒருவன், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு நிற்கிற யாரோ ஒரு பையனின் படத்தைப் போட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று எழுதினான். சிரிப்புப் பொம்மைகள் அதிகம் விழுந்தது அந்தப் படத்துக்குத்தான்.

மூன்று பேரும் என் பிள்ளைகள். மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மக்கள் போலீஸை நம்பாததற்குக் காரணம் படிப்பறிவுக் குறைவு இல்லை, பட்டறிவு. ஆனால் அந்த அவநம்பிக்கை இத்தனை தலைமுறையாகத் தீராமல் இருப்பதில், அந்த மாவுக்கட்டுப் படத்துக்கு விழுகிற சிரிப்புக்கும் பங்கு உண்டு.

முதலில் வெளிநாட்டுக் கதை.

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தபோது என் கைப்பை தொலைந்துவிட்டது. கடைவீதிக்குப் போய்த் திரும்பியபோது தோளில் இல்லை. உள்ளே கண்ணாடி, மாத்திரை, கொஞ்சம் வெள்ளி, என் ஆதார் அட்டை. மகள், "வாங்கம்மா, போலீஸ்ல சொல்லிட்டு வந்துடலாம்" என்றாள், ரேஷன் கடைக்குக் கூப்பிடுகிற மாதிரி. நான், "எதுக்குடி ஸ்டேஷனெல்லாம், போனது போகட்டும்" என்றேன். அப்புறம், "மாப்பிள்ளை வரட்டும், அவரோட போவோம்" என்றேன். மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, நான் வேலைக்குக் கிளம்பணும். நீங்களே போங்க. கீழதான் இருக்கு. தமிழ்லயே பேசலாம்."

அறுபது வயதைத் தாண்டிய நான், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் நடத்திய நான், வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ஒரு காவல் நிலையத்துக்குள் நுழைந்தேன். அங்கே அதை அக்கம்பக்கக் காவல் நிலையம் என்கிறார்கள். ஜப்பானில் தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் சிறு காவல்கூடங்களைப் பார்த்து, 1983-ல் சிங்கப்பூர் தொடங்கிய ஏற்பாடு. குடியிருப்புக்குக் கீழேயே இருந்ததால் மளிகைக் கடைக்குப் போகிற வழியில் தினமும் அதைக் கடந்திருந்தேன். உள்ளே ஒரு இளைஞர், நம் தமிழ்ப் பிள்ளை, "உட்காருங்கம்மா" என்றார். நான் சொன்னதை எழுதினார். படித்துக் காட்டினார். ஒரு எண் கொடுத்தார். பத்து நிமிடம்தான்.

பை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, இன்னும் கிடைக்கவில்லை என்று. கிடைக்காத பைக்குக்கூட ஒரு பதில். எனக்கு அதுதான் அதிர்ச்சி. உயரமான கட்டடங்களும் குப்பையில்லாத தெருவும் நாலு நாளில் பழகிவிட்டன. யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல், யார் பெயரையும் சொல்லாமல், ஒரு சாதாரணப் பொம்பளை ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பலாம் என்பது கடைசிவரை பழகவில்லை.

அதற்காகக் கனடாக்காரத் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். வெளிநாடு முழுக்கச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். சிங்கப்பூரிலேயே பிரம்படித் தண்டனையும் தூக்குத் தண்டனையும் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் சொன்னதைக் கேளுங்கள். போன புதிதில் அவன் காரைப் போலீஸ் நிறுத்தியதாம். இவன் நம் ஊர் வழக்கப்படி உடனே இறங்கி, ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு பணிவாக அந்த அதிகாரியை நோக்கி நடந்திருக்கிறான். அவர் துப்பாக்கிமேல் கையை வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறார், "உள்ளே போ" என்று. அங்கே காரிலிருந்து இறங்கினால் தாக்க வருவதாக அர்த்தம். கையை ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் வண்டியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் "பெரிய இவனா நீ" என்பார்கள். ஒரே செயல், ஒரு ஊரில் மரியாதை, இன்னொரு ஊரில் ஆபத்து.

2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பேரனைப் பார்க்கக் குஜராத்திலிருந்து போயிருந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர், மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். யாரோ புதிய ஆள் சுற்றுகிறார் என்று அக்கம்பக்கத்தவர் போன் செய்ய, போலீஸ் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கிறார். அதிகாரி அவரைத் தரையில் மோதிச் சாய்த்ததில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்தது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற நம் வயதுக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பெற்றோரை அழைக்கிற பிள்ளைகள், அங்கே போலீஸ் நிறுத்தினால் கையைச் சட்டைப்பைக்குள் விடக் கூடாது, திரும்பி நடக்கக் கூடாது என்பதை வந்த அன்றே சொல்லிக்கொடுங்கள். வாஷிங் மெஷின் போடச் சொல்லித்தருவது அப்புறம் இருக்கட்டும்.

நாம் வெளிநாடு போகும்போது ஊறுகாயும் பருப்புப்பொடியும் மட்டும் கொண்டுபோவதில்லை. ஊர் அவநம்பிக்கையையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். சற்று நேரத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். பேருந்து, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. நாற்பது வருடத்துக்கு மேல் கலவரமே பார்க்காத நாடு அது. பிறகு அரசு அமைத்த விசாரணைக் குழு, மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. அதோடு, விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது என்றும், தெருவிலேயே நியாயம் கேட்டுவிட வேண்டும் என்ற மனப்பழக்கமும் இருந்தது என்றும் சொன்னது. அடிபட்டவனை விட்டுவிட்டு வண்டிக்காரர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் நினைத்திருக்கிறது.

அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. அன்று 57 பேர் நாடு திருப்பி அனுப்பப்பட்டார்கள், பலர் சிறைக்குப் போனார்கள், எத்தனை குடும்பங்களின் கடன் கழுத்தை நெரித்திருக்கும். ஆனால், ஒரு ஏழை செத்துக்கிடக்கும்போது சீருடை போட்டவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தின் மனசு ஏன் உடனே ஒரே பதிலைச் சொன்னது? அந்தப் பதிலை அவர்கள் சிங்கப்பூரில் படித்திருக்க முடியாது. ஊரில் படித்தது.

எப்போது படித்தது என்றால், ரொம்ப நாளாக. வரலாற்று டீச்சர் இல்லையென்றாலும் இந்த மூன்று தேதிகளைச் சொல்லாமல் விடமுடியாது.

முதல் தேதி 1855. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம் பக்கம் வரி வசூலிப்பவரும் போலீஸும் ஒரே ஆள்தான். தாசில்தாரின் கீழ் இரண்டு வேலையும். வரி கட்ட முடியாத குடியானவரின் விரல்களை மரக்கட்டைக்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள். அதற்குக் கிட்டி என்று பெயர். தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். இந்தப் புகார்கள் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்கவே ஒரு கமிஷன் போட்டார்கள். உண்மைதான் என்று 1855-ல் அந்தக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு 1859-ல் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மாகாணத்துப் போலீஸ் துறையின் பிறப்புச் சான்றிதழிலேயே சித்திரவதை என்ற வார்த்தை இருக்கிறது.

இரண்டாவது தேதி 1872. அந்த வருடம் வந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்கிறது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்ற சந்தேகம் வெள்ளைக்காரனுக்கே இருந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இதே விதி 23-வது பிரிவாக இருக்கிறது. 150 வருடத்துக்குப் பிறகும் நாட்டின் சட்டமே போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன ஒப்புதலை நம்பத் தயாராக இல்லை. அப்புறம் சேடபட்டியில் இருக்கிற பாட்டி நம்பவில்லை என்றால் அது படிப்பறிவு இல்லாததாலா?

அந்த விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. சந்தேக நபர் சொன்ன தகவலை வைத்து நகையோ கத்தியோ கைப்பற்றப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அவர் சொன்னது செல்லும். "நகை எங்கடா" என்ற கேள்விக்கு லத்தி ஏன் சீக்கிரம் வெளியே வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தேதி, நம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்த ஊர்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டத்தில் பதிவானவர்கள் ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேத்தியைப் பள்ளியில் விட வரும் ஒரு தாத்தா என்னிடம் சொன்னார்: "எங்கய்யாவுக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கு ராத்திரியும் ஸ்டேஷன்லதான் தாயி படுத்தாரு." 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தத் தாத்தா சொன்ன விதத்தில் அது போன மாதம் நடந்த மாதிரி இருந்தது.

இவையெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லவிடாமல் இரண்டு ஜூன் மாதங்கள் குறுக்கே நிற்கின்றன.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற வியாபாரியையும், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்தார்கள். நாலே நாளில் இருவரும் இல்லை. கைதாகிறவரை டாக்டர் பார்க்க வேண்டும், மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும், சிறையில் சேர்க்கும்போது பார்க்க வேண்டும் என்று சட்டம் மூன்று வாசல் வைத்திருக்கிறது. அவர்கள் மூன்று வாசலையும் கடந்துதான் போனார்கள். எந்த வாசலும் அவர்களைக் காப்பாற்றவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாக வழக்கை எடுத்தது. விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள் என்று தெரிந்ததும், அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 1859-ல் சித்திரவதை தாங்காமல்தான் போலீஸை வருவாய்த் துறையிடமிருந்து பிரித்தார்கள். 161 வருடம் கழித்து, அதே காரணத்துக்காக, ஒரு ஸ்டேஷன் மறுபடி வருவாய்த் துறையிடம் போனது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் அதிகாரி கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றார். அந்த அதிகாரி குற்றவாளி என்று அடுத்த ஏப்ரலிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. சாத்தான்குளம் வழக்கு நம் மதுரை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. எல்லா நாட்டுப் போலீஸிலும் கொடுமைக்காரர்கள் உண்டு. அந்த அதிகாரியை நாடு எவ்வளவு சீக்கிரம் கூண்டில் ஏற்றுகிறது என்பதில்தான் மக்கள் நம்பிக்கை ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது.

அடுத்தது 2025 ஜூன். இது நம் வாசலிலேயே நடந்தது. மானாமதுரை ரோட்டில் திருப்புவனத்தை ஒட்டிய மடப்புரம் காளி கோயில். நம்மில் பாதிப் பேர் அங்கே போய்க் கும்பிட்டவர்கள். காரில் இருந்த நகை காணவில்லை என்று வந்த புகாரில், கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படைப் போலீசார் விசாரித்தார்கள். ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கோயிலுக்குப் பின்னால் அவரை அடித்ததை ஒருவர் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்திருக்கிறார். காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, முதலமைச்சர் அந்தத் தாயிடம் போனில் வருத்தம் தெரிவித்தார்.

மடப்புரம் காளிக்கு ஒரு விசேஷம் உண்டு, உங்களுக்குத் தெரியும். காசு வெட்டிப் போடுவது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், வேறெங்கும் நியாயம் கிடைக்காதவர்கள், "நீயே பார்த்துக்க தாயே" என்று காசை வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். படித்த பிள்ளைகள் இதை மூடநம்பிக்கை என்பீர்கள். இருக்கட்டும். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பதைவிடக் காளியிடம் காசு வெட்டிப் போடுவது சுலபமாக இருக்கிற ஊரில், அந்தக் காளியின் காவலாளிக்கே இப்படி ஆனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மாவுக்கட்டுக்கு வருகிறேன்.

சாத்தான்குளத்துக்கு அழுதோம். மடப்புரத்துக்கு அழுதோம். நடுவில், செயின் பறித்தவன் என்று சொல்லப்படுகிற ஒருவனின் கை உடைந்த படம் வந்தால் கைதட்டினோம். என்கவுன்டர் என்றால் லட்டு கொடுத்தோம். சினிமாவில் போலீஸ் கதாநாயகன் லாக்கப்பில் வைத்து வெளுக்கும்போது விசிலடித்தோம். நாம் போலீஸோடு எழுதாத ஒப்பந்தம் ஒன்று போட்டிருக்கிறோம். "அவனை அடி, நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறோம், எங்களை மட்டும் விட்டுவிடு." அவன் என்பது எப்போதும் வேறு தெரு, வேறு சாதி, வேறு ஊர்.

ஆனால் லத்திக்கு அவன் யார், நாம் யார் என்று தெரியாது. விசாரணைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் எல்லோரும் சந்தேக நபர்தான். ஜெயராஜ் கடை வைத்திருந்தவர், அஜித்குமார் மாதச் சம்பளத்துக்குக் காவல் நின்றவர். அவர்களை அடித்த கையும், மாவுக்கட்டுப் படத்தில் நாம் பாராட்டிய கையும் ஒரே பழக்கத்தில் வளர்ந்த கைதான். குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செயினைப் பறிகொடுத்த பெண்ணின் கழுத்தில் காயத்தைப் பார்த்தவள்தான் நானும். தண்டனையை நீதிமன்றம் கொடுக்கட்டும். ஸ்டேஷன் பாத்ரூம் கொடுக்க வேண்டாம்.

"டீச்சர், கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும், அதுக்கு இதுதான் சரி" என்று சிலர் எழுதுவீர்கள். இது நியாயமான ஆத்திரம், இதை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் யோசியுங்கள். சரியாகத் துப்புத் துலக்கவும், சாட்சி சேர்க்கவும், கைரேகை எடுக்கவும் ஆள் பலம் கொடுக்காமல், மூன்று நாளில் நகை வந்தாக வேண்டும் என்று மேலிருந்து அழுத்தினால், அடிப்பதுதான் குறுக்கு வழி. குறுக்கு வழி பழகியவன் நேர் வழியை மறந்துவிடுவான். கணக்கில் விடையை மட்டும் பார்த்து எழுதுகிற பையன் கடைசிவரை கணக்குப் படிக்கமாட்டான், இது எல்லா வாத்தியாருக்கும் தெரியும்.

குழுவைவிட்டுப் போன காவலர் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உன்மேல் எனக்குக் கோபமில்லை ராசா. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, லட்சக்கணக்கான கூட்டத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்க்கிறவர்களும் நீங்கள்தான். காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசு உத்தரவு போட்டது. அதை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று உன் அம்மாவைக் கேட்டால் தெரியும். தூக்கமில்லாத மனிதனிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கஷ்டம் என்பதும் தெரியும். ஆனால் சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், பயந்துகொண்டே என்றாலும், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவரும் உன்னைப் போல ஏட்டு, பாரா, பந்தோபஸ்து என்று அலைந்தவர்தான். உன் துறையின் மானத்தைக் காப்பாற்றியது அந்த அம்மாதான், மறைத்தவர்கள் இல்லை. பழியெல்லாம் துறைமேல் விழுகிறதே என்று வருந்துகிறாய் அல்லவா, அந்த வருத்தத்தை அந்த அம்மாவின் பக்கம் திருப்பு.

அவநம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாவின் இரண்டு பவுன் செயினை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் புகார் வேண்டாம் என்கிறான். "செயின் கிடைச்சாலும் கோர்ட்ல கிடக்கும், நாம நாலு நாள் பொழப்பை விட்டு அலையணும், நம்மளையே நூறு கேள்வி கேப்பாங்க." வசதியுள்ளவர்களுக்கு ஒரு வக்கீலோ கவுன்சிலரோ தெரிந்தவர் இருப்பார். அந்த அம்மாவுக்கு யாரும் இல்லை. கடைசியில் நான் கூடப் போனேன். முதலில் "நாளைக்கு வாங்க" என்றார்கள். "சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்க, நாளைக்கும் வர்றோம்" என்றேன். ஏட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதை அந்த அம்மா பூக்கூடைக்குள் மடித்து வைத்ததைப் பார்த்தபோது, இதற்கு ஒரு டீச்சர் துணைக்கு வர வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆகவே, நம்மால் ஆகக்கூடியவற்றைச் சொல்கிறேன். எல்லாம் உங்கள் கைக்கு எட்டியவை.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். கைதுசெய்யத் தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

கைது செய்தால் வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டமே சொல்வது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவு வந்தது. சம்பவத்தன்று மட்டும் கேமரா வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தால் அதைக் கேள்வி கேளுங்கள்.

மாவுக்கட்டுப் படம் உங்கள் செல்லுக்கு வந்தால் உங்களோடு நிற்கட்டும். அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சிரிக்காதீர்கள்.

சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் "போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லாதீர்கள். நாளைக்கே திருவிழாவில் அந்தக் குழந்தை தொலைந்தால், சீருடையைப் பார்த்து அதன் பக்கம் ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் ஓடக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. ஊருக்கு வரும்போது, "எங்க ஊர்ல எல்லாம்" என்று ஆரம்பித்து இங்கே இருப்பவர்களை இளப்பம் செய்யாதீர்கள். அங்கே நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அது வேண்டும். ஸ்டேஷனில் நாற்காலி போட்டார்கள், எண் கொடுத்தார்கள், தப்பு செய்த அதிகாரி கூண்டில் ஏறினார் என்று சொல்லுங்கள். அதெல்லாம் அங்கே வானத்திலிருந்து விழவில்லை, அந்த ஊர் மக்கள் கேட்டு வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அந்தக் கொலையைச் செல்போனில் எடுத்து உலகுக்குக் காட்டியது ஒரு பள்ளி மாணவி. மடப்புரத்தில் எடுத்ததும் நம்மைப் போல ஒரு சாதாரண ஆள்தான்.

கருத்து எழுதுகிறவர்கள் கட்சிச் சண்டையைத் தவிர்த்து எழுதுங்கள். எந்த ஆட்சி வந்தாலும் இது நடந்திருக்கிறது, கணக்குப் பார்த்தால் யாருக்கும் பெருமை இல்லை. உங்களில் யாராவது துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக ஸ்டேஷனுக்குப் போய், உட்காரச் சொல்லி, புகார் வாங்கி, ரசீது கொடுத்து அனுப்பியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஸ்டேஷன் பெயரோடு எழுதுங்கள். நல்லது செய்தவர்களின் பெயரும் ஊருக்குத் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்